உள்ளே வந்த நேரம்

ஜூன் 3, செவ்வாய். ப்ராக்.

வந்து சேர்ந்துவிட்டேன்! ஐம்பத்து மூன்று வயதில், முதுகில் ஒரு மூட்டை, காலில் ஷூ, கழுத்தில் பாஸ்போர்ட் பை. விமான நிலையத்துக் கண்ணாடியில் என்னைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. அமலோற்பவம் என்ற பெயருக்கும் இந்தக் கோலத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

முதலில் இந்த நோட்டைப் பற்றி. இது டைரி இல்லை, எங்கள் ஹாஸ்டலின் அவுட்பாஸ் ரிஜிஸ்டர். பெண்கள் வெளியே போகும்போது இதில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். பெயர், அறை எண், போகும் இடம், வெளியே போன நேரம், உள்ளே வந்த நேரம், கையொப்பம். திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரி ஹாஸ்டலில் இருபத்தாறு வருஷம் வார்டனாக இருந்தேன். ஏப்ரலில் கட்டடத்தை இடிக்கப் போகிறோம் என்று இழுத்து மூடிவிட்டார்கள். பழைய ரிஜிஸ்டர்களை எல்லாம் எடைக்குப் போட்டார்கள். எழுதாத ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். எழுதியதில் வேண்டியதையும் எடுத்துக்கொண்டேன்.

விமான டிக்கெட் 2011 பேட்ச் பெண்களின் பரிசு. "சிங்கப்பூரா, துபாயா மேடம்?" என்று சுபத்ரா கேட்டாள். "வியன்னா பக்கம்" என்றேன். எல்லாருமாகச் சேர்ந்து சிரித்தார்கள். ஏன் வியன்னா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இசை பிடிக்கும் என்று சொல்லியிருப்பேன்.

இங்கே நான் தங்கும் ஹாஸ்டலின் வரவேற்பில் இருந்த பையனிடம், "வார்டன் யார்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "அப்படி யாரும் இல்லை" என்றான். கேட் எத்தனை மணிக்கு மூடுவீர்கள் என்றேன். மூடுவதே இல்லையாம். கதவுக்கு நாலு இலக்க எண் உண்டாம், அது எல்லாருக்கும் தெரியுமாம்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

எட்டுப் படுக்கை. ஆண், பெண் எல்லாம் ஒரே அறையில். எனக்கு மேல்படுக்கை. இரண்டாவது முயற்சியில் ஏறிவிட்டேன்.

ஜூன் 4, புதன்.

பெரிய கூத்தாகிவிட்டது.

நேற்று ஒன்பது மணிக்குப் பழக்கதோஷத்தில் தலையை எண்ணினேன். எட்டுப் படுக்கைக்கு ஏழு தலை. ஒரு நிமிஷம் பொறுத்தேன். எழுந்து போய்க் கதவை உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். குளிக்கப் போயிருந்த கொரியாக்காரப் பையன் மின்ஹோ இடுப்பில் துண்டோடு வெளியே நின்று தட்டுகிறான். நான் இறங்கிப் போய், முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் தாழ்ப்பாளைத் தொட்டேன். அதற்குள் பதினான்கு வினாடி போயிருக்கும்.

எனக்குக் கீழுள்ள படுக்கைக்கு எதிரில் இருக்கும் பவுலா என்ற பெண் இதையெல்லாம் பார்த்துவிட்டாள். சிலி நாட்டுக்காரி, நர்ஸ், இருபத்தாறு வயது, வாய் கொஞ்சம் நீளம். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். (இவர்கள் என்னிடம் பேசுவது இங்கிலீஷ்தான். என் காதில் எப்படி விழுகிறதோ அப்படி எழுதுகிறேன்.)

"அமலா, எதுக்கு மணி பாத்தே? அவன் துண்டைக் கட்டிக்கிட்டு எங்க ஓடிடப் போறான்?"

வெளியே பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். இங்கே ஜூனில் இருட்டவே ஒன்பதரை ஆகிறது. எங்கள் சட்டம், இருட்டுவதற்குள், அதாவது ஆறரைக்குள். இந்த ஊரில் நான் வார்டனாக இருந்திருந்தால் என் பெண்களுக்கு மூன்று மணி நேரம் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

ஜூன் 5, வியாழன்.

ரிஜிஸ்டர் பிரபலமாகிவிட்டது! பவுலா இந்த நோட்டைப் பார்த்து, கட்டங்களுக்கெல்லாம் அர்த்தம் கேட்டாள். சொன்னேன். "நாங்களும் எழுதுறோம்" என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து அறையே வரிசையில் நின்று எழுதியது. போகும் இடம் என்ற கட்டத்தில் ஒருத்தர் 'ஐஸ்கிரீம்', இன்னொருத்தர் 'தெரியாது', பவுலா 'பீர்'. இருபத்தாறு வருஷத்தில் எந்தப் பெண்ணும் இவ்வளவு உண்மையாக எழுதியதில்லை.

மின்ஹோ மட்டும் 'பாலம், 4.00, 5.30' என்று எழுதிவிட்டுப் போனான். ஐந்தரைக்கு வாசலில் நின்றான். ராணுவத்தில் ஒன்றரை வருஷம் இருந்தவனாம். அங்கேயும் தினமும் ஒன்பது மணிக்குத் தலை எண்ணுவார்களாம்.

"நீங்க தாழ்ப்பாள் போட்டப்ப எனக்கு எங்க ராணுவ பாரக்ஸ் ஞாபகம் வந்துடுச்சு" என்றான். அந்தப் பையனை எனக்குப் பிடித்துவிட்டது.

ஜூன் 6, வெள்ளி.

பதினாலு கிலோமீட்டர் நடந்தேன். கால் எனக்குச் சொந்தமில்லை. மனசு மட்டும் துள்ளுகிறது.

ஜூன் 7, சனி.

காலையில் எழுந்தால் எனக்குக் கீழுள்ள படுக்கை காலி. நான்கு நாள் என்னோடு பிஸ்கட் பகிர்ந்து சாப்பிட்ட டச்சுக்கார அம்மா, விடியற்காலையில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டாள். விரிப்பை மடித்து வைத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் ஹாஸ்டலில் கடைசி வாரம் என்றால் சாமான்யமா? மூன்று நாள் அழுகை. டிரங்குப் பெட்டியில் உட்கார்ந்து அழுவார்கள், மெஸ்ஸில் ரசத்தைப் பார்த்து அழுவார்கள். அதுவரை என்னைப் 'பூட்டு' என்று பட்டப்பெயர் வைத்துத் திட்டியவள்கூட, கிளம்பும்போது என் தோளை நனைத்துவிட்டுத்தான் போவாள். இருபத்தாறு வருஷத்தில் ஒரே ஒருத்திதான் சொல்லாமல் போனாள்.

"எப்பவும் இப்படித்தான் அமலா. தூங்குறவங்களை எழுப்ப வேணாம்னு போயிருப்பாங்க" என்றாள் பவுலா.

நீ அப்படிப் போனால் தொலைத்துவிடுவேன் என்றேன். மின்ஹோவிடமும் சொன்னேன். இரண்டு பேரும் சத்தியம் செய்தார்கள்.

ஜூன் 8, ஞாயிறு. வியன்னா.

மூன்று பேருமாக ரயிலில் வந்தோம்! பவுலா வேறு எங்கோ போக வேண்டியவள். "உன்கூட வந்தா நல்லா சிரிக்கலாம்" என்று டிக்கெட்டை மாற்றிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே கசகசாச் செடிகள் சிவப்பாகப் பூத்துக் கிடந்தன. முதல் தடவை ரயில் ஏறிய பிள்ளை மாதிரி மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வந்தேன். நடுவழியில் மின்ஹோ என் புளிக்காய்ச்சல் பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு, "சாப்பிடலாமா?" என்றான். ரொட்டியில் தடவிக் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் முட்ட, இன்னொன்று கேட்டான்.

மாலையில் தேவாலயம் ஒன்றில் திருப்பலி. ஒரு வார்த்தை புரியவில்லை. எப்போது எழுந்து நிற்பது, எப்போது முழங்காலிடுவது என்பது மட்டும் அப்படியே எங்கள் ஊர் மாதிரி.

இந்த ஊரிலிருந்து கிராஸ் என்ற ஊருக்கு இரண்டரை மணி நேரம்தான். சும்மா குறித்து வைக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்.

பெரிய ராட்டினத்தில் ஏறினேன்! உச்சியில் நின்றபோது பவுலா வேண்டுமென்றே பெட்டியை ஆட்டினாள். நான் அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தேன். சிலியிலும் அதே ஜெபம்தானே, அவளும் ஸ்பானிஷில் சேர்ந்து சொன்னாள். மின்ஹோ எங்கள் இரண்டு பேரையும் போட்டோ எடுத்தான். போட்டோவில் எனக்கு இருபது வயது குறைந்திருக்கிறது.

நாளை மின்ஹோ கிளம்புகிறான். ஊரில் வேலை காத்திருக்கிறதாம். ஹாஸ்டல் சமையலறையில் இன்று நான்தான் சமையல். புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல். கொஞ்சம் பிரித்து நாளை அவனுக்குக் கட்டிக் கொடுக்கவும் எடுத்து வைத்துவிட்டேன்.

சாப்பிடும்போது பவுலா கேட்டாள், "அடுத்து எங்க போறே?" கிராஸ் என்றேன். அங்கே என்ன இருக்கிறது என்றாள். ஒரு மணிக்கூண்டு இருக்கிறதாம் என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் அல்லவா, வலி இருக்கிற இடத்தைத் தொடாமலே கண்டுபிடித்துவிடுகிறாள்.

ஜூன் 11, புதன்.

மின்ஹோ போய்விட்டான்.

ஸ்டேஷன் வரைக்கும் போனோம். அவன் வேண்டாம் என்றான், யார் கேட்டது? பிளாட்பாரத்தில் ரிஜிஸ்டரை நீட்டினேன். போகும் இடம் 'சியோல்'. வெளியே '10.12'. உள்ளே வந்த நேரத்தில் நின்றான். அது காலியாகவே இருக்கட்டும் என்றேன். அவனுக்கு மனசு கேட்கவில்லை. காலியாக விடுவது ஒழுங்கீனமாம். யோசித்து '2027, அக்டோபர்?' என்று கேள்விக்குறியோடு எழுதினான். அக்டோபரில் திருச்சியில் மழை பெய்யும், குடை கொண்டு வா என்றேன்.

கதவு மூடும் நேரத்தில் இடுப்பை மடித்துக் குனிந்து வணங்கினான். குனிந்த தலை கைக்கு எட்டியது. நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டேன். எங்கள் வீட்டில் ஊருக்குக் கிளம்பும் யாருக்கும் போடுவதுதான். அவன் எந்த மதம் என்று அப்போது தோன்றவில்லை. நிமிர்ந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. நான் வெளிப்படையாகவே அழுதேன். பவுலா இரண்டு பேரையும் கேலி செய்துகொண்டே மூக்கைச் சிந்தினாள்.

இப்படித்தான் அனுப்ப வேண்டும் ஒரு பிள்ளையை. கட்டுச்சோறு கொடுத்து, கையெழுத்து வாங்கி, நெற்றியைத் தொட்டு.

ஜூன் 12, வியாழன்.

பவுலா அந்தத் தாளைப் பார்த்துவிட்டாள்.

மின்ஹோ எழுதியதைப் படம் எடுக்க ரிஜிஸ்டரைப் புரட்டியிருக்கிறாள். அட்டை மடிப்பிலிருந்து அது கீழே விழுந்தது. பழைய ரிஜிஸ்டரிலிருந்து நான் பிளேடால் அறுத்தெடுத்த தாள், தேதி 19-2-2010. இருபத்தேழு வரி. எல்லா வரியிலும் உள்ளே வந்த நேரம் இருக்கிறது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் சிவப்பு மையில் என் கையெழுத்து.

"சிவப்புல என்ன எழுதியிருக்கு?"

"'இரவு திரும்பவில்லை'ன்னு."

"யாரு இது?"

"இளவஞ்சின்னு ஒரு பொண்ணு. ரெண்டாம் வருஷம். ஜெயங்கொண்டத்துக்காரி."

"அன்னிக்கு ராத்திரி எங்க இருந்தா?"

நான் ஒரு பதிலைப் பதினைந்து வருஷமாகத் தயாராக வைத்திருந்தேன். எனக்கெப்படித் தெரியும் என்பதுதான் அந்தப் பதில். கல்லூரிக்கும் சொன்னேன், அவளுடைய அப்பாவுக்கும் சொன்னேன். இன்று வாயைத் திறந்தால் வேறு வந்துவிட்டது.

"கேட்டுக்கு வெளியே" என்றேன்.

எழுதிவிடுகிறேன். புத்தகம் வாங்க மலைக்கோட்டைக்குப் போனவள், பாலத்தில் பஸ் நின்றுபோய், மீதி தூரத்தை ஓடியே வந்தாள். ஆறு ஐம்பது. கேட்டை ஆறரைக்குப் பூட்டியாகிவிட்டது. காவல்காரர் சாப்பிடப் போயிருந்தார். சாவி என்னிடம். அதற்கு முந்தின வாரம்தான் வேறொருத்தியை நேரம் கழித்து உள்ளே விட்டதற்கு நிர்வாகத்திடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். 'மேடம்' என்று மூன்று தடவை கூப்பிட்டாள். ஜன்னலிலிருந்து பார்த்தேன், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் லைட்டை அணைத்தேன்.

கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உறையூரில் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள். மறுநாள் விசாரித்தார்கள். வந்தேன், நின்றேன், கூப்பிட்டேன் என்று அவள் சொன்னாள். ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தார்கள். டி.சி.யைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். யாரோடோ ஓடிப்போனாள் என்று ஹாஸ்டல் முழுக்கப் பேசிக்கொண்டது. சொல்லாமல் போனாள் என்று சனிக்கிழமை எழுதியிருக்கிறேனே, அது இவள்தான். சொல்லிக்கொள்ள நான் முகம் கொடுத்தால்தானே.

போன வருஷம் யாரோ சுபத்ராவுக்கு ஒரு போட்டோ அனுப்ப, அவள் அதை எனக்கு அனுப்பினாள். 'மேடம், நம்ம ஓடிப்போன இளவஞ்சி ஆஸ்திரியாவுல கிராஸ்ங்கிற ஊர்ல ட்ராம் ஓட்டுது!' நம்பரும் இருந்தது. அன்றிலிருந்து எனக்கு இசை பிடிக்க ஆரம்பித்தது.

பவுலா திட்டவில்லை. கட்டிப்பிடிக்கவும் இல்லை. என் போனை எடுத்து என் கையில் வைத்தாள். "அனுப்பு" என்றாள்.

அனுப்பினேன். 'நான் அமலோற்பவம். கிராஸுக்கு வருகிறேன். உன்னைப் பார்க்க வேண்டும். வர விருப்பமில்லை என்றால் அதுவும் நியாயம்தான்.' இரண்டு நீலக்கோடு உடனே விழுந்தது. பதில் இல்லை.

ஜூன் 13, வெள்ளி. கிராஸ்.

காலை ஆறு மணிக்குப் பதில்!

'சனிக்கிழமை. எத்தனை மணிக்கு கேட் மூடுவீங்க?'

இதைப் படித்துவிட்டுப் பல் தேய்க்கப் போனவள், பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் அப்படியே நின்றேன். நியாயமான கேள்வி. கிராஸில் பதிவு செய்திருந்த ஹாஸ்டலின் விவரத்தைப் பார்த்தேன். வரவேற்பு ஆறரை வரை. அப்புறம் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். ஆறரை என்று பதில் எழுதினேன். வேறு எந்த எண்ணாக இருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

மலைகளுக்கு நடுவே ரயில் வளைந்து வளைந்து வந்தது. பவுலாவும் கூட வந்தாள். நாளை மாலை ஏழே காலுக்கு அவளுக்கு வெனிஸ் பஸ். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்து வழியனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறது. பயமாக இருக்கிறது. அதைவிட அதிகமாக என்னமோ குதிக்கிறது உள்ளே. முதல் நாள் வேலைக்குச் சேர்ந்தபோதும் இப்படித்தான் இருந்தது.

ஜூன் 14, சனி.

காலையிலிருந்து எழுத உட்கார முடியவில்லை. சேமியா வாங்கக் கடை கடையாக அலைந்து, கடைசியில் ஒன்றில் கிடைத்து, உப்புமா செய்து மூடி வைத்தேன். அந்தப் பெண்ணுக்கு மெஸ்ஸில் சேமியா உப்புமாதான் பிடிக்கும். அதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆறேகாலுக்கே வாசலில் நின்றேன். ஆறரை ஆனதும் வரவேற்பில் இருந்த பெண் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கதவு தானாக மூட வந்தது. நடுவில் என் ஷூவை வைத்தேன்.

"கதவு நம்பரை அவளுக்கு அனுப்பிடேன்" என்றாள் பவுலா.

அனுப்பலாம்தான். ஆனால் அது அவளாகத் திறந்துகொண்டு வருவது. நான் திறப்பது இல்லையே.

பவுலா புரிந்துகொண்டாள். முதுகில் மூட்டையை ஏற்றிக்கொண்டாள். "அப்ப நீ பஸ் ஸ்டாண்டுக்கு வர வேணாம். இங்கேயே அனுப்பு" என்றாள். ஒரு காலும் ஒரு தோளும் கதவில். ஒரு கையில் ரிஜிஸ்டர். சுவரில் வைத்து எழுதினாள். போகும் இடம் 'வெனிஸ், அப்புறம் எல்லா இடமும்'. வெளியே '6.36'. உள்ளே வந்த நேரத்தை விட்டுவிட்டாள்.

"திருச்சிக்கு வந்து நான் நிரப்புறேன். வேற யாரும் தொடக் கூடாது."

"மணி பாத்துதான் உள்ள விடுவேன்."

"அந்தப் பையனுக்குப் போட்டியே, எனக்கும் போடு."

நான் கதவை விட முடியாது, அவள் மூட்டையோடு குனிய முடியாது. எப்படியோ எட்டிச் சிலுவை போட்டேன், பாதி புருவத்தில் விழுந்தது. சிரித்துக்கொண்டே அழுதோம். இரண்டு வாரத்துக்கு முன்னால் இவள் யாரென்றே எனக்குத் தெரியாது. தெருமுனையில் திரும்பி, கையை மேலே தூக்கித் தாழ்ப்பாள் போடுகிற மாதிரி ஒரு சைகை காட்டினாள். போய்விட்டாள். மனசு காலியானது, ஆனால் நிறைந்தும் இருந்தது. முறையாகச் சொல்லிக்கொண்டு போனவள் தந்த நிறைவு அது.

ஆறு நாற்பது. யாரும் இல்லை. ஆறு நாற்பத்தைந்து. சைக்கிளோடு வந்த ஒருத்தர், "உள்ளே வரீங்களா, வெளியே போறீங்களா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றேன். கால் மரத்துப் போயிற்று. மாற்றி வைத்துக்கொண்டேன். வராவிட்டால் என்ன செய்வது என்று நான் யோசித்தே வைக்கவில்லை.

ஆறு ஐம்பது. எதிர்ச்சாரியில் காபிக்கடை வெளி மேஜையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கழுத்தளவு வெட்டிய முடி, சாம்பல் நிறச் சீருடைச் சட்டை. சாலையைக் கடந்து நேரே என் முன்னால் வந்து நின்றாள். முகம் அப்படியே இருந்தது, கொஞ்சம் சதை போட்டிருந்தது.

"பூட்டலையா மேடம்?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"ஆறு இருபதுக்கே வந்துட்டேன். அங்க உக்காந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"ஏன்டா கூப்பிடலை?"

"ஆறு அம்பது வரைக்கும் நிப்பீங்களான்னு பாக்கணும்னு தோணுச்சு."

"உள்ள வா" என்றேன். இந்த இரண்டு வார்த்தை அன்றைக்கு என் வாயில் வரவில்லை. இளவஞ்சி என் காலைப் பார்த்து, கதவைத் தன் கையால் பிடித்துக்கொண்டு, எனக்கு வழி விட்டு உள்ளே வந்தாள்.

சமையலறையில் உட்கார்ந்தோம். ரயிலில் வரும்போது மனப்பாடம் செய்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. மூணு தடவையும் கேட்டுச்சு" என்றேன்.

"தெரியும் மேடம். லைட் அணைஞ்சுதே."

அவள் உப்புமாவைப் பார்த்தாள், தொடவில்லை. அப்பா இரண்டு வருஷம் பேசவில்லையாம். அஞ்சல் வழியில் பட்டம் வாங்கி, சென்னையில் ஓட்டல் வேலை, அங்கிருந்து இந்த நாட்டில் ஓட்டல் வேலை, பிறகு மொழி படித்து ட்ராம். எங்கள் வழக்கமான பேச்சு ஒன்று இருக்கிறதே, அது என் நாக்கு நுனி வரை வந்திருக்கும் போல. அவள் கையை உயர்த்தினாள்.

"எல்லாம் நல்லதுக்குத்தான்னு மட்டும் சொல்லிடாதீங்க மேடம்."

"சொல்ல மாட்டேன். அது நல்லதுக்கு இல்ல. நான் பண்ணது தப்பு. என் வேலையைக் காப்பாத்திக்க உன் பேரைக் கெடுத்தேன்."

அந்தத் தாளை அவள் முன்னால் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். தன்னோடு இருந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தாள். தன் வரியில் நின்றாள். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சிவப்பு எழுத்தின் மேல் ஒரே ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் எழுதினாள், '6.50'. கையொப்பம் போட்டாள். தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள்.

"அடிச்சுத் திருத்தினா வார்டன் கையெழுத்து வேணும். நீங்க போட்ட ரூல்தான்."

போட்டேன்.

"மன்னிச்சுட்டேன்னெல்லாம் சொல்ல வரலை மேடம். இப்ப வரலை. இன்னொண்ணு. இது நமக்கு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சதுதானே. புதுசா என்ன இருக்கு? சுபத்ரா என் பக்கத்துக் கட்டில்ல படுத்தவ. அவ இன்னும் நான் ஓடிப்போனேன்னுதான் நெனைச்சுக்கிட்டு இருக்கா."

அப்புறம் உப்புமாவை எடுத்துச் சாப்பிட்டாள். முழுக்கச் சாப்பிட்டாள். உப்பு குறைவு என்றாள். எழுந்து போகும்போது, "நாளைக்குக் காலையில இந்தத் தெருமுனைக்கு வர்ற ஒம்பது இருவது ட்ராம் நான்தான். வந்தீங்கன்னா முன்பக்கம் ஏறுங்க" என்றாள்.

வாசல் வரை போனேன். நெற்றியைத் தொடலாமா என்று கையைத் தூக்கினேன். அவள் குனியவில்லை. கையை இறக்கிக்கொண்டேன்.

ஜூன் 15, ஞாயிறு.

2011 பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் முப்பத்தொரு பேர். டிக்கெட் எடுத்துக் கொடுத்த பிள்ளைகள். தினமும் காலையில் 'மேடம், இன்னிக்கு எங்க? போட்டோ போடுங்க' என்று கேட்கிறவர்கள். இன்றும் சுபத்ரா கேட்டிருந்தாள்.

ஒன்பது பதினெட்டுக்கு ட்ராம் வந்து நின்றது. பச்சை நிறம், கழுவித் துடைத்த மாதிரி பளபளப்பு. கண்ணாடிக்குப் பின்னால் இளவஞ்சி, நேரே பார்த்தபடி. முன்பக்கம் ஏறி முதல் இருக்கையில் உட்கார்ந்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் யாராவது தமிழ் தெரிந்தவர்கள் இருந்தால், இந்த வண்டியை ஓட்டுவது எங்கள் ஹாஸ்டல் பெண் என்று சொல்லியிருப்பேன்.

போனை எடுத்தேன். தாளின் படத்தைச் சேர்த்தேன். கீழே எழுதினேன். 'இதுதான் இன்றைய போட்டோ. 19-2-2010 அன்று இளவஞ்சி ஹாஸ்டலுக்குத் திரும்பி வந்தாள். ஆறு ஐம்பதுக்கு கேட்டில் நின்று மூன்று தடவை கூப்பிட்டாள். எனக்குக் கேட்டது. நான்தான் திறக்கவில்லை. அதற்கப்புறம் எழுதியதும் பொய், எல்லாரிடமும் சொன்னதும் பொய். அவள் எங்கேயும் ஓடிப்போகவில்லை. அமலோற்பவம்.'

அழுத்திவிட்டேன். ஒரு கோடு. இரண்டு கோடு. நீலமாக மாற ஆரம்பித்தது. போன் அதிரத் தொடங்கி, நிற்காமல் அதிர்ந்தது. கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். என்ன சொல்கிறார்களோ சொல்லட்டும். அரைமணி நேரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

முன்னால் எங்கேயோ இன்னொரு போனும் அதிர்ந்தது. இளவஞ்சியின் நம்பர் சுபத்ராவிடமும் இருக்கிறதே. இளவஞ்சி அதை எடுக்கவில்லை, வேலை நேரம். ஆனால் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

வண்டியின் கடிகாரத்தில் ஒன்பது இருபது. மணி அடித்துக் கதவு மூடியது. அப்போதுதான் அந்தப் பக்கச் சாலையிலிருந்து ஒரு சின்னப் பெண் தோள்பை அவிழ்ந்து தொங்க, கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். நான் என்னையறியாமல் மணிக்கட்டைத் திருப்பினேன். கடிகாரம் இல்லை. ஹாஸ்டலிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். கதவு மறுபடி திறந்தது.

அந்தப் பெண் மூச்சு வாங்க ஏறி, கண்ணாடிப் பக்கம் பார்த்து நன்றி சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்தாள். நான் நகர்ந்து இடம் கொடுத்தேன்.